வலிச்சா கையைத் தூக்குங்க

டணாரென்று ஸ்டீல் தட்டு தரையில் விழுந்தது. அதிலிருந்த குறடும் கத்தரியும் ஆளுக்கொரு பக்கம் சிதறி, கத்தரி கண்ணாடி அலமாரியின் அடிவரை சறுக்கிப் போய் நின்றது. அறையில் இருந்த மூன்று பேரில் அதிகமாகத் திடுக்கிட்டவள் சிஸ்டர்தான். தட்டைத் தட்டிவிட்டது அவள் கை. இடது கை. அவள் அதைத் தூக்கவில்லை. அதுவாகவே எழும்பி, பதில் தெரிந்த பள்ளிப் பிள்ளையின் கை மாதிரி, ஐந்து விரலும் விரியத் தோளுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது.

டாக்டர் டிரில்லை நிறுத்தினார்.

"என்ன சிஸ்டர்? வலிச்சா கையைத் தூக்கச் சொன்னது பேஷண்டை. உங்களை இல்லை."

முகமூடிக்கு மேலே அவர் கண்கள் சிரித்தன. நாற்காலியில் வாயைப் பிளந்தபடி படுத்திருந்த அவர் மனைவியின் கண்களும் சிரித்தன. அவளுக்கு ஒரு வலியும் இல்லை. அவளுடைய இடது கை வயிற்றின்மேல் மடித்து வைத்த துண்டு போலச் சும்மா கிடந்தது.

"கை வழுக்கிடுச்சு டாக்டர்," என்று சொல்லிவிட்டு, சிஸ்டர் வலது கையால் இடது கையைப் பிடித்துக் கீழே இழுத்தாள். சுலபமாக இறங்கவில்லை. யாரோ வேண்டாத ஆளின் கையை வலுக்கட்டாயமாக இறக்குவது போலிருந்தது. டிரில் மறுபடி கிறீச்சிட்டுக்கொண்டு பல்லில் இறங்கியது. அதே நொடி அவளுடைய இடது தாடையில், கடைசிப் பல்லுக்கும் பின்னால், ஒரு சூடான கம்பி மெல்ல உள்ளே போனது.

அந்த அறையில் ஒன்பது வருஷம் ஓட்டியவள் அவள். பேஷண்ட் நாற்காலிக்கு இடப்பக்கம் சக்கரம் வைத்த ஸ்டூல் ஒன்று இருக்கிறதே, அதுதான் அவள் இடம். அதிலிருந்தபடி எச்சிலையும் ரத்தத்தையும் குழாய் வைத்து உறிஞ்சுவாள், கன்னத்தை ஒதுக்கிப் பிடிப்பாள். டாக்டர் திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டினால், அவருக்கு எது வேண்டுமோ அது அந்தக் கையில் இருக்கும். வாய் திறந்து கேட்க வேண்டியதே இல்லை. "கட்டிக்கப் போறவகூட இப்படிக் கையறிஞ்சு கொடுக்கமாட்டா சிஸ்டர்," என்று ஒருநாள் அவர் சொன்னார். சொன்னவர் அன்று சாயங்காலமே மறந்திருப்பார். அவள் மறக்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு, 'சிஸ்டர்' என்று அவர் ஒரு நாளைக்கு நூறு தடவை கூப்பிடுவதைப் பொறுத்துக்கொண்டு, ஆறு வருஷம் காத்திருந்தாள். மூன்று மாதத்துக்கு முன்னால் அவர் கட்டிக்கொண்டு வந்தார். வேறொருத்தியை.

வந்தவள் கெட்டவளாக இருந்திருந்தால் வெறுக்கச் சௌகரியமாக இருந்திருக்கும். அவளோ வாய்க்கு வாய் 'அக்கா' என்றாள். மழை வந்தால் குடை கொடுத்து அனுப்பினாள். ஜன்னலுக்குப் பச்சைத் திரை வாங்கிப் போட்டு, "நல்லாருக்காக்கா?" என்று அவளையே கேட்டாள். போன வாரம் வந்து, இந்த ஸ்டூலில் உட்கார்ந்து, குழந்தை மாதிரி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "நானும் வேலை கத்துக்கலாம்னு சொல்றாருக்கா. நீங்கதான் சொல்லிக்கொடுக்கணும். இதுல உட்கார்ந்து எடுத்து எடுத்துக் கொடுத்தா போதும்ல?" என்றாள்.

எடுத்து எடுத்துக் கொடுத்தால் போதுமாம். ஒன்பது வருஷத்தை இரண்டு வார்த்தையில் சுருட்டி வைத்துவிட்டாள்.

அன்று காலை எக்ஸ்ரே எடுப்பதற்கு முன், எல்லாப் பெண்களிடமும் கேட்கிற கேள்வியை சிஸ்டர் அவளிடமும் கேட்டாள். "நாள் கீள் ஏதாவது தள்ளிப் போயிருக்கா?"

"இன்னும் நாலஞ்சு நாள் இருக்குக்கா," என்று அவள் வெட்கப்பட்ட விதத்தில் சிஸ்டருக்கு அடிவயிறு எரிந்தது. படம் வந்தது. கீழ்த்தாடையின் இடது கோடியில் ஞானப்பல் முளைக்காமல், முன்னாலிருந்த கடைவாய்ப் பல்லை முட்டிக்கொண்டு, எலும்புக்குள் படுத்துக் கிடந்தது. ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, பல்லை இரண்டாக அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

மரத்துப்போகச் செய்யும் ஊசியைப் பார்த்ததும் அவள் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை சில்லிட்டிருந்தது.

"ரொம்ப வலிக்குமாக்கா?"

ஒன்பது வருஷமாக எல்லோருக்கும் சொல்கிற பதில் ஒன்று சிஸ்டரிடம் இருந்தது. அழுகிற பிள்ளைக்கும் அதுதான், மீசை வைத்த போலீஸ்காரருக்கும் அதுதான். வாயிலேயே தயாராக இருக்கும். "பயப்படாதீங்க. உங்க வலியை நான் வாங்கிக்கிறேன்."

எல்லோரும் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். இவள் சிரிக்கவில்லை. கண்ணைப் பார்த்து, "சத்தியமா?" என்றாள்.

"சத்தியமா."

வாய் அவ்வளவுதான் சொன்னது. உள்ளே மனசு தன்பாட்டுக்குச் சேர்த்துக்கொண்டது: வலி மட்டும் என்ன, உனக்கு என்னென்ன வருகிறதோ எல்லாம் எனக்கு வரட்டும்.

பல் இரண்டு துண்டாக வெளியே வந்தது. டாக்டர் கறுப்பு நூலில் மூன்று முடிச்சுப் போட்டார். சிஸ்டர் பல்துண்டுகளைக் கழுவி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு நீட்டினாள். அவள் தலையை ஆட்டி, மரத்த வாயால், "எனக்கு வேண்டாம். அக்காகிட்டயே இருக்கட்டும்," என்றாள்.

பிறகு வழக்கமான அறிவுரை. "பஞ்சை ஒரு மணி நேரம் கடிச்சுக்கிட்டே இருங்க. இன்னைக்குத் துப்பக்கூடாது, கொப்புளிக்கக்கூடாது, எச்சிலை முழுங்கிடுங்க. ஸ்ட்ரா வெச்சு எதையும் உறிஞ்சக்கூடாது, குழியில உறையுற ரத்தம் பிடுங்கிக்கிட்டு வந்துடும். ரெண்டாம் நாள், மூணாம் நாள் வீக்கம் கூடுதலாத் தெரியும், அப்புறம் வடிஞ்சுடும். மாத்திரையை நேரத்துக்குப் போடுங்க. ஏழாம் நாள் தையல் பிரிக்கலாம்."

பாதியிலேயே சிஸ்டருக்கு நாக்கு குழறியது. கீழுதட்டின் இடது பாதி எங்கோ தொலைந்துபோயிருந்தது. விரலால் தொட்டாள். ரப்பரைத் தொட்டது போலிருந்தது.

யாரும் கவனிக்கவில்லை. டாக்டர் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி மனைவியின் கன்னத்தில் ஒற்றிக்கொண்டிருந்தார். அலமாரிக் கண்ணாடியில் அது தெரிந்தது. அவர் ஒற்றின விதமும் தெரிந்தது.

சிஸ்டர் இருப்பது அண்ணன் வீட்டில். சாயங்காலம் அண்ணி கொடுத்த டீயை வாயில் வைத்தாள். அது உதட்டின் இடது ஓரமாக வழிந்து, மேல்சட்டையை நனைத்து, மடியில் சொட்டியது.

"என்னம்மா, முப்பத்தஞ்சு வயசுல ஜொள்ளு விடறே? யாரை நினைச்சுக்கிட்டு?" என்றாள் அண்ணி.

பதில் சொல்ல வாயைத் திறந்தபோது நாக்கில் இரும்புச் சுவை. வாஷ்பேசினுக்குப் போனாள். துப்பக் குனிந்தவள், தன் குரலையே கேட்டு நிமிர்ந்தாள். துப்பக்கூடாது. முழுங்கிடுங்க. முழுங்கினாள். சூடாக, கெட்டியாக உள்ளே இறங்கியது.

கைப்பையில் எப்போதும் ஒரு வாய்க்கண்ணாடி வைத்திருப்பாள், நீளக் காம்பு வைத்தது. கதவைத் தாழிட்டு, செல்போன் விளக்கைக் கன்னத்துக்கு நேரே பிடித்து, அந்த வட்டக் கண்ணாடியை இடது கோடிக்கு நகர்த்தினாள். அவளுடைய ஞானப்பல் இருபது வயசில் நேராக முளைத்தது, ஒரு நாளும் தொந்தரவு கொடுத்ததில்லை. இன்று அந்த இடத்தில் பல் இல்லை. ஈறு சிவந்து, கீறலின் இரண்டு ஓரமும் சேர்த்து இழுக்கப்பட்டிருந்தது. நடுவில் கறுப்பாக ஒன்று. பக்கத்தில் இன்னொன்று. இன்னொன்று.

மூன்று முடிச்சு.

கண்ணாடியை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். எல்லோரும் நூலின் இரண்டு முனையையும் ஒட்ட நறுக்குவார்கள். டாக்டர் மட்டும் ஒரு முனையைக் கொஞ்சம் நீளமாக விட்டு, நாக்கைக் குத்தாமல் இருக்கக் கன்னத்துப் பக்கமாகச் சாய்த்து வெட்டுவார். ஆயிரம் முடிச்சுக்குக் கன்னத்தை ஒதுக்கிப் பிடித்தவளுக்கு அது தெரியாதா? மூன்று நூலும் ஒரு முனை நீளமாக, கன்னத்துப் பக்கம் சாய்ந்திருந்தன.

அவர் கை போட்ட முடிச்சு. தன் வாய்க்குள்.

அலற வேண்டிய இடம் அது. அவளுக்கு நெஞ்சில் ஏதோ ஒன்று குளுகுளுவென்று பரவியது. அப்படிப் பரவியதுதான் பிறகு நினைத்துப் பார்க்கையில் அவளை அதிகம் பயமுறுத்தியது.

பையைத் துழாவி அந்த டப்பாவை எடுத்தாள். இரண்டு துண்டையும் சேர்த்துப் பொருத்தினாள். மெல்லும் பக்கம் தேய்ந்து வழவழவென்றிருந்தது, நடுவில் மிளகில் கால்வாசி அளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி. எலும்புக்குள் புதைந்து கிடந்த பல் எதை மென்று தேயும்? அதில் கறை எப்படி ஏறும்?

அந்தப் புள்ளியை அவளுக்குத் தெரியும். ஆறு வருஷம் முன்னால், பேஷண்ட் இல்லாத ஒரு மத்தியானம், "சிஸ்டர், சும்மாதானே இருக்கோம், வாயைத் திறங்க பார்ப்போம்," என்று டாக்டர் பார்த்தார். "கடைசியில ஒரு புள்ளி இருக்கு. அப்புறமா அடைச்சுடலாம்." அடைக்கவே இல்லை. அவர் விரல் அவள் உதட்டில் பட்டது அந்த ஒரே தடவைதான்.

பேஷண்டுக்கு மறுநாள் போன் செய்து விசாரிப்பது அந்த கிளினிக்கின் பழக்கம். அதைச் செய்வதும் சிஸ்டர்தான்.

"எனக்கு ஒண்ணுமே தெரியலைக்கா!" அந்தப் பக்கம் குரல் மணி மாதிரி ஒலித்தது. "நேத்து ராத்திரியே வறுத்த கடலை தின்னேன். இவர் தலையில அடிச்சுக்கிட்டார். இப்பகூடப் பக்கத்துலயே உட்கார்ந்து ஜூஸ் போட்டுக் கொடுத்தார். ஸ்ட்ரா போட்டு ஒரே இழுப்பு, தம்ளர் காலி."

"ஸ்ட்ராவா?" சிஸ்டர் கிட்டத்தட்டக் கத்திவிட்டாள். "கூடாதுன்னு சொன்னேனே!"

"எனக்குத்தான் ஒண்ணும் ஆகலையேக்கா."

ரிசீவரை வைப்பதற்குள் சிஸ்டரின் வாயில் ஏதோ கழன்றது. நாக்கு நுனிக்கு வழவழவென்று ஒரு கட்டி வந்தது. கல்லீரல் துணுக்கு மாதிரி. குழியில் உறைந்திருந்த ரத்தம். அது போய்விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு மனப்பாடம். எலும்பு திறந்து கிடக்கும். மூன்றாம் நாள் வலி தொடங்கும். காதுவரை போகும். அறுவைசிகிச்சை வலியெல்லாம் அதன் முன்னால் தூசு.

அப்படியே ஆனது. மூன்றாம் நாள் கன்னம் உப்பித் தாடை எலும்பே காணாமல் போயிற்று. முகமூடி போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். பல் கிளினிக்கில் முகமூடிக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கிறார்கள்? மூச்சு விடும்போதெல்லாம் தன் வாய் நாற்றம் தனக்கே திரும்பி வந்தது. குழி துடித்தது. காதுக்குள், பொட்டில், கண்ணின் பின்னால். டாக்டர் எதிரே அரையடி தூரத்தில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். முகமூடியை இறக்கினால் போதும். அவள் இறக்கவில்லை. காட்டினால் பிரித்துவிடுவாரே, அந்த மூன்று முடிச்சையும்.

ராத்திரி வீட்டில் இரண்டு மாத்திரை போட்டாள். பிறகு இன்னும் இரண்டு. வலி அசைந்துகூடக் கொடுக்கவில்லை. உட்கார்ந்து யோசித்தாள். வலி யாருடையதோ, மாத்திரையும் அவர்கள்தானே போட வேண்டும்?

போனை எடுத்தாள். "மாத்திரை போடுறீங்களா? கட்டாயம் போடணும். மறக்காம."

"அதை நிறுத்தியே ரெண்டு நாளாச்சுக்கா. வலியே இல்லாம எதுக்கு மாத்திரை?"

"போடுங்கம்மா. எனக்காகப் போடுங்க."

சொல்லியிருக்கக்கூடாது. அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுவது கேட்டது. தூரத்தில் டாக்டர் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. ஒன்பது வருஷத்தில் அவர் பாடி அவள் கேட்டதில்லை.

"உங்களுக்காகவா?" என்றாள் அவள் மெதுவாக. பிறகு, "சரிக்கா," என்று வைத்துவிட்டாள்.

நான்காம் நாள் ஒரு கிழவருக்குப் பல் சுத்தம் செய்துகொண்டிருந்தார்கள். டாக்டர் கையை நீட்டினார். சிஸ்டர் கருவியை எடுத்தாள். இடது ஆள்காட்டி விரல் சுருக்கென்றது. பார்த்தாள். கையுறையில் கிழிசல் இல்லை, கீறல்கூட இல்லை. ஆனால் அந்த ஒரு விரல் மட்டும் வெள்ளையிலிருந்து சிவப்பாக மாறிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து. நுனி நிரம்பி, திராட்சைப் பழம் மாதிரி உப்பி, மெல்லக் கணு வரை ஏறியது.

"சிஸ்டர், கையில என்ன?"

"மருந்து கொட்டிடுச்சு டாக்டர்."

மத்தியானம் டாக்டரே சிரித்துக்கொண்டு சொன்னார். "வீட்ல ஒரு அதிசயம் கேளுங்க. காலையில காய் நறுக்கும்போது அவ விரல்ல கத்தி நல்லா இறங்கிடுச்சாம். சொட்டு ரத்தம் இல்லை, தழும்பும் இல்லை. எனக்கு போன் பண்ணி, 'நான் எந்த வரம் வாங்கிட்டு வந்தேன்?'ங்கிறா."

ஐந்தாம் நாள் சிஸ்டர் போன் செய்யவில்லை. அவளே கூப்பிட்டாள்.

"என்னக்கா, என்னை விசாரிக்கவே இல்லை? மறந்துட்டீங்களா?"

"இல்லைம்மா. கொஞ்சம் வேலை."

"இருங்க, ஒரு நிமிஷம். வெச்சுடாதீங்க."

மேசை இழுப்பறை திறக்கும் சத்தம். எதையோ துழாவும் சத்தம். சின்ன டப்பாவைக் குலுக்கினால் வருமே, அந்தச் சத்தம். ஊசிகள்.

சிஸ்டரின் இடது உள்ளங்கையில் ஒரு புள்ளி தோன்றியது. குத்தியது. நின்றது.

அவள் உதட்டைக் கடித்தாள்.

"என்னக்கா?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லையா?"

இரண்டாவது புள்ளி. இது நிற்கவில்லை. உள்ளே போனது. போய்க்கொண்டே இருந்தது. தோலைத் தாண்டி. சதையைத் தாண்டி. உள்ளங்கையின் மறுபக்கம் தோல் கூடாரம் மாதிரி கூம்பியது.

சிஸ்டரின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவள் விரும்பி எழுப்பியதல்ல. இடது கை தானாக மேலே போனது.

போனில் மூச்சு மட்டும் கேட்டது. நிதானமான மூச்சு. பிறகு, "சரிக்கா, தையல் பிரிக்கிற அன்னைக்குப் பார்ப்போம்," என்றாள்.

ஆறாம் நாள் சிஸ்டர் விடுப்பு எடுத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். யாரிடம் சொல்வது? எதைச் சொல்வது? ஒரே வழிதான் தெரிந்தது. பல்லைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சொன்ன சொல்லைத் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். டாக்டரும் வேண்டாம், ஸ்டூலும் வேண்டாம். உடம்பு ஒன்று தன்னுடையதாக இருந்தால் போதும். முதல்முறையாக, டாக்டரின் மனைவி மேல் துளிப் பொறாமை இல்லை. எவ்வளவு லேசாக இருந்தது! இதை ஒரு வாரத்துக்கு முன்னால் செய்திருக்கக்கூடாதா?

ஏழாம் நாள் காலையில் பற்பசை வாசனை பட்டதுமே குமட்டியது. வாஷ்பேசினுக்கு ஓடினாள். ஒன்றும் வரவில்லை, வெறும் உமட்டல்.

"என்னம்மா இது, மசக்கைக்காரி மாதிரி?" என்று கேட்டுவிட்டு அண்ணி தானே சிரித்தாள். "சும்மா சொன்னேன். கோச்சுக்காதே."

கிளினிக்கில் கிராம்பு எண்ணெய் வாசனை அடித்தது. பழகின வாசனைதான். அன்று வயிற்றைப் பிசைந்தது. பச்சைத் திரை வழியாக வெயில் வந்து அறையே குளத்துக்கு அடியில் கிடப்பது போலிருந்தது. டாக்டரின் மனைவி வந்து நாற்காலியில் சாய்ந்து, வாயைத் திறந்தாள். டாக்டர் கத்தரியும் இடுக்கியுமாகக் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார்.

"தையல் எங்கே?"

விளக்கை இழுத்து வைத்துப் பார்த்தார். ஈறு ரோஜா நிறத்தில், ஒரு கோடு இல்லாமல், பிறந்ததிலிருந்து யாரும் தொடாதது போல் இருந்தது.

"மூணு முடிச்சு போட்டேனே. சிஸ்டர், மூணுதானே?"

முகமூடிக்குள் சிஸ்டரின் நாக்கு எண்ணியது. ஒன்று. இரண்டு. மூன்று.

"மூணுதான் டாக்டர்."

"தானே விழுந்திருக்கும். ஆனா தழும்புகூட இல்லையே, அதெப்படி? எதுக்கும் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துடலாம்."

அவள் எழுந்து உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள். "எக்ஸ்ரே வேண்டாங்க."

"ஏன்?"

"நாள் தள்ளிப் போயிருக்கு. காலையில நீங்க கிளம்பினதும் டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன். ரெண்டு கோடு."

டாக்டர் கையிலிருந்த இடுக்கியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பையில் வைத்தார். "சிஸ்டர், கேட்டீங்களா?" என்றார். சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அம்மாகிட்டச் சொல்லணும்," என்று போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார்.

இரண்டு பெண்களும் தனியாக இருந்தார்கள்.

சிஸ்டர் டப்பாவை நீட்டினாள். "இது உங்களுக்கு வரவேண்டியது. நீங்களே வெச்சுக்கங்க. அன்னைக்குச் சொன்னதை நான் திரும்ப வாங்கிக்கிறேன். என்னால முடியலை. நான் வேலையைவிட்டே போயிடறேன்."

அவள் டப்பாவை வாங்கவில்லை. எட்டி, சிஸ்டரின் முகமூடியை மெல்லக் கீழே இழுத்தாள். வீங்கின கன்னத்தைப் பார்த்தாள். குழந்தையைத் தொடுவது போல ஒரு விரலால் தடவி, எங்கே அதிகம் வலிக்குமோ சரியாக அங்கே நிறுத்தினாள்.

"தூக்கத்துல பேசுவார், தெரியுமாக்கா?" என்றாள். "என் பேரைச் சொன்னதில்லை. கையை இப்படி நீட்டி, 'சிஸ்டர், பஞ்சு'ம்பார். மூணு மாசமா தினமும். நான் பக்கத்துல முழிச்சுக்கிட்டுக் கிடப்பேன்."

ஒன்பது வருஷமாகக் கேட்க ஏங்கிய சேதி அது. சிஸ்டரால் அதைக் காதில் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அடிவயிற்றில் ஏதோ ஒன்று, கடுகு அளவுக்கு, தன் இடத்தைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தது.

அவள் நாற்காலியிலிருந்து இறங்கினாள். சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தாள். ஸ்டூலை இழுத்து, அதில் உட்கார்ந்து, கால் இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து வைத்துக்கொண்டாள். உட்கார இடமில்லாமல் சிஸ்டர் காலி நாற்காலியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வராந்தாவில் டாக்டர் சத்தமாகச் சிரித்தார்.

சிஸ்டரின் இடது கை மேலே போனது. விரல்கள் விரிந்தன. தோளைத் தாண்டி, தலையைத் தாண்டி, எட்டின மட்டும் போய் நின்றது. இறங்கவில்லை.

ஸ்டூலில் இருந்தவள் அந்தக் கையை அண்ணாந்து பார்த்தாள். தன் வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"பிரசவத்துக்கு ஊசி, மருந்து எதுவும் வேண்டாம்னு அவர்கிட்டச் சொல்லப்போறேன்க்கா. நீங்க பக்கத்துலகூட இருக்கவேண்டாம், உங்க வீட்லயே இருங்க."